தழைமேட்டில் ஒரு உச்சிவேளை

இது நடந்தது. சத்தியம் செய்யச் சொன்னால் ஆவுடையப்பன் செய்வார். ஆனால் அவர் பெயிண்டுக் கடைக்காரர். "ரெண்டு கோட்டு அடிச்சாப் போதும்" என்று தினமும் யாரிடமாவது சத்தியம் செய்கிறவர். அதனால் சத்தியம் வேண்டாம். நம்ப முடியாதவர்கள் உடன்குடிக்குப் போய், அவரைச் சட்டையைக் கழற்றச் சொல்லி இரண்டு தோள்களையும் பார்க்கலாம். ஏன் தோள் என்பது கடைசியில் தெரியும்.

பேய் என்றால் ராத்திரிதான் வரும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இது பட்டப்பகலில் நடந்தது. கத்திரி வெயிலில், உச்சிவேளையில், ஒளிந்துகொள்ளக் கையகல இருட்டுகூட இல்லாத இடத்தில்.

குலசேகரன்பட்டினத்துக்கு மேற்கே தேரி கிடக்கிறது. செம்மணல் மேடுகள். காற்றடித்தால் மேடு இடம் மாறும். நேற்றுப் பார்த்த பள்ளம் இன்றைக்கு இருக்காது. பனை, கொல்லாமா என்கிற முந்திரி, தலையில் குடை விரித்தது போன்ற உடை மரங்கள். நரி உண்டு, முயல் உண்டு. இத்தனைக்கும் குறுக்கே ஒரு மணல்பாதை. மேற்கே உள்ள ஊர்களிலிருந்து நாள்கணக்கில் நடந்து திருச்செந்தூருக்குப் போகிறவர்களின் பாதை அது. கொஞ்ச வருடமாகத் தூத்துக்குடியிலிருந்து விலையுயர்ந்த ஷூவும் முதுகுப்பையுமாக, சாமிக்கு இல்லாமல் சும்மா நடக்கிறவர்களும் வருகிறார்கள்.

இந்தப் பாதையைக் காப்பாற்ற ஆவுடையப்பன் ஒரு குழு வைத்திருந்தார். தலைவர் அவர். செயலாளர் விஜயராஜ், அவர் கடைக்குக் குட்டியானை வண்டி ஓட்டுகிற பையன். பையன் என்று சொன்னாலும் இரண்டு பிள்ளைகளுக்கு அப்பன். உறுப்பினர்கள் இனிமேல்தான் சேர வேண்டும். ஆறு வருடமாக இனிமேல்தான்.

குழுவின் வேலை என்ன? தண்ணீர்ப் பாக்கெட் உறை பொறுக்குவது. பொறுக்கிய கையோடு திரும்பிப் பார்த்தால் அதே இடத்தில் இன்னொன்று கிடக்கும். வழி தவறி யாரும் மரங்களுக்குள் புகுந்து மிதித்துவிடாமல் இருக்கக் கல்லில் அம்புக்குறி வரைவது. அம்புக்குறிக்குப் பக்கத்திலேயே புதிதாக ஒரு குறுக்குவழி விழுந்திருக்கும். "நம்ம ஜனங்களுக்கு அம்புக்குறின்னா, அந்தப் பக்கம் என்னத்தையோ ஒளிச்சு வச்சிருக்கான்னு அர்த்தம்லே" என்று அவர் விஜயராஜிடம் நொந்துகொள்வார்.

இந்த வருடம் பெரிய இடி ஒன்று வந்தது. நடந்து வருகிறவர்களின் வசதிக்காகப் பாதையைத் தார் ரோடாக மாற்றலாம் என்று பேச்சு. அளந்து, சிவப்புத் துணி கட்டிய முளைக்குச்சிகளும் அடித்துவிட்டுப் போய்விட்டார்கள். ரோடு வந்தால் உடை மரமும் கிடையாது, நரியும் கிடையாது. கடை வரும், கடைக்குப் பின்னால் குப்பை வரும். தடுக்க ஒரே வழி, வனத்துறை ரேஞ்சர் பானுப்ரியா எழுதப்போகும் அறிக்கை.

"நாளைக்குக் காலையில நேர்ல பார்த்துட்டு எழுதப்போறேன் சார்" என்று அவர் போனில் சொன்னார். "மரம் நின்னா காட்டுப்பாதைன்னு எழுதலாம். மொட்டையா நின்னா நான் என்ன எழுத?"

மொட்டையாகத்தான் நின்றன. அங்கேதான் ஆவுடையப்பனுக்கு வயிறு எரிந்தது.

பாதையின் நடுவாக்கில் தழைமேடு என்று ஒன்று இருந்தது. அந்த வழியாகப் போகிற ஒவ்வொருவரும் பக்கத்து உடை மரத்தில் ஒரு கொப்பை ஒடித்து அங்கே போட்டுவிட்டுத்தான் போவார்கள். ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடக்கும். ஏன் போடுகிறீர்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். கால் வலிக்காது என்பான் ஒருவன். உள்ளே அம்மன் இருக்கிறாள் என்பாள் ஒருத்தி. "எல்லாரும் போடுதாங்க, நாங்களும் போடுதோம்" என்பவர்கள்தான் அதிகம். ஷூ போட்டவர்களும் போட்டார்கள். அவர்கள் போடுவதைப் படம் வேறு எடுத்தார்கள்.

அதனால் மேட்டைச் சுற்றி நின்ற மரங்களெல்லாம் கைக்கெட்டும் உயரம் வரை முறிந்து தொங்கின. போன வருடம் "கொப்பை ஒடிக்காதீர்" என்று நல்ல எனாமலில் ஒரு பலகை எழுதி நட்டார். மறுவாரம் போய்ப் பார்த்தால் பலகைக்கும் ஒரு கொப்பு சாத்தியிருந்தது.

அந்தப் போன் வந்த அன்று காலையிலேயே ஒரு முடிவுக்கு வந்தார். மேட்டையே எடுத்துவிடுவது. மேடு இல்லை என்றால் எங்கே போடுவது என்று எவனுக்கும் தெரியாது. ரேஞ்சர் வரும்போது இடம் சுத்தமாகவும் இருக்கும்.

"அண்ணாச்சி, கேக்காம கொள்ளாம எடுக்கலாமா?" என்றான் விஜயராஜ்.

"யார்ட்டல கேக்கணும்? வெறும் வெறகு."

"வெறகுதான். ஆனாலும்..."

"ஆனாலும் பூனாலும். குனி."

இரண்டு பேருமாக அள்ளி அள்ளி, மணல் இறுகிய இடத்தில் நின்ற குட்டியானையில் ஏற்றினார்கள். முள் இரண்டு பேர் கையையும் கிழித்தது. கடைசிக் கட்டையும் போனபின் பார்த்தால் உள்ளே அம்மன் இல்லை. கல் இல்லை. ஒரு செங்கல் துண்டுகூட இல்லை. வட்டமாக வெறும் மணல். அங்கங்கே ஊசி ஊசியாகப் பச்சையாய் எதுவோ.

விஜயராஜ் அந்த மணலில் உள்ளங்கையை வைத்தான். வெடுக்கென்று எடுத்தான்.

"அண்ணாச்சி... ஐஸ் மாதிரி இருக்கு."

"தழை மூடிக் கெடந்துச்சுல்லா. ஈரம் நின்னுருக்கும். சயின்ஸ்லே."

"ஈரம் நின்ன மணல் மாதிரி இல்ல அண்ணாச்சி. ஆளு ஒக்காந்து எழுந்த எடம் மாதிரி இருக்கு."

"ஆளு ஒக்காந்தா சூடால்லா இருக்கும்?"

விஜயராஜ் உள்ளங்கையைச் சட்டையில் அழுத்தித் துடைத்தான். வண்டியை எடுத்துக்கொண்டு வேகமாகப் போய்விட்டான். ஆவுடையப்பன் குப்பை இழுக்கிற வாரியை எடுத்து அந்த வட்டத்தைச் சீராக இழுத்துவிட்டார். பச்சை ஊசிகளும் மண்ணோடு போயின. ஒரு மேடு இருந்த சுவடே இல்லை. ஆறு வருடத்தில் முதல் தடவையாக ஒரு காரியத்தை முடித்த திருப்தி.

அவருடைய பைக் பாதையின் கிழக்குக் கோடியில், முத்துக்கனியின் டீக்கடையில் நின்றது. கால்மணி நேர நடை. வாரியைத் தோளில் போட்டுக்கொண்டார். குடையை விரித்தார். பெயிண்டுக் கம்பெனிக்காரன் இலவசமாகக் கொடுத்த ஏழு வண்ணக் குடை. சுற்றிலும் 'வெயிலோ மழையோ, நாங்கள் இருக்கிறோம்' என்று எழுதியிருக்கும். போனைப் பார்த்தார். பன்னிரண்டு அடிக்கப் போகிறது.

நடந்தார்.

முதலில் காதில்தான் வித்தியாசம் தெரிந்தது. தேரியில் எப்போதும் ஒரு சத்தம் இருக்கும். பனையோலை உரசுகிற சத்தம். சரசர, சரசர. அது இல்லை. அண்ணாந்து பார்த்தார். ஓலைகள் ஆடிக்கொண்டுதான் இருந்தன. சத்தம் மட்டும் வரவில்லை.

வெயில் காதை அடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். சுண்டு விரலை விட்டுக் குடைந்தார்.

அப்போது கேட்டது.

சர்க்... சர்க்... சர்க்...

மணலில் கால் இழுத்து நடக்கிற சத்தம். பின்னால். களைத்துப்போன கால். நடந்தே வருகிறவர்கள் கடைசி நாளில் அப்படித்தான் இழுப்பார்கள்.

திரும்பிப் பார்த்தார். பாதை காலியாகக் கிடந்தது. அவருடைய செருப்புத் தடம் மட்டும்.

"யாருவே அது?"

இன்னொரு குறுக்குவழிக்காரன், மேட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான் என்று முடிவு செய்தார். எரிச்சல் வந்தது. எரிச்சல் இருந்தவரைக்கும் பயம் வரவில்லை. "வாங்க, வாங்க, அந்தப் பக்கம் நாலு செடிதான் பாக்கி, அதையும் மிதிச்சுட்டுப் போங்க!" என்று மேட்டைப் பார்த்துக் கத்தினார்.

நடந்தார்.

தலை சுட்டது.

முதலில் அது உறைக்கவில்லை. பிறகு சுள்ளென்று உச்சந்தலையில் அடித்தது. குடை பிடித்திருக்கிறோமே? அண்ணாந்தார். ஏழு வண்ணமும் தலைக்கு மேல்தான் விரிந்திருந்தது. ஓட்டை இல்லை. கம்பி உடையவில்லை.

கீழே பார்த்தார்.

உச்சிவேளையில் குடை நிழல் எங்கே விழும்? பிடித்தவன் காலடியில். அவர் காலடியில் நிழல் இல்லை. வெயில் கிடந்தது. குடையின் நிழல் வட்டமாக, கறுப்பாக, இடது பக்கத்தில் ஒரு முழம் தள்ளி விழுந்திருந்தது.

குடையை இடது பக்கம் சாய்த்தார். நிழல் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனது.

வலது பக்கம் சாய்த்தார். நிழல் அசையவில்லை.

ஒரு எட்டு வைத்தார். நிழலும் ஒரு எட்டு வந்தது. நின்றார். நின்றது.

சரி, நாமே அதற்குள் போய்விடுவோம் என்று இடது காலைத் தூக்கி நிழலுக்குள் வைத்தார்.

பாதம் குளிர்ந்தது. மேட்டுக்கு அடியில் இருந்த அதே குளிர்.

காலை வெடுக்கென்று எடுத்தார்.

முருகா என்று சொல்ல நினைத்தார். 'மு'வரைக்கும்கூட வரவில்லை.

சர்க்... சர்க்...

இப்போது சத்தம் பின்னால் இல்லை. பக்கத்தில்.

நிழலுக்குள் மணல் அமுங்கியது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. குதிகால்... பாதம்... ஐந்து விரல். செருப்பில்லாத கால். சின்னக் கால். பொம்பளைக் கால்.

அதற்கு முன்னால் இன்னொன்று.

இன்னொன்று.

ஓட வேண்டும். தெரிகிறது. கண் தடத்தை விட்டு வரவில்லை.

பனையோலை ஆடுகிறது. சத்தமில்லை.

காதோரம் குளிர்ந்தது.

ஒரு குரல். மிரட்டவில்லை. அழவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி கேட்பது போல.

"அண்ணாச்சி... குடையக் கொஞ்சம் இங்கன சரிச்சுப் பிடிங்களேன்..."

ஆவுடையப்பன் இன்றைக்கும் அடித்துச் சொல்லுகிறார், அடுத்துச் செய்ததை அவர் யோசித்துச் செய்யவில்லை என்று. கடைக்கு வருகிறவன் கேட்டால் விலையைக் குறைக்கிற அதே பாழாய்ப்போன குணம். கேட்டுவிட்டார்கள். கை தானாக இடது பக்கம் சரிந்தது.

"ம்ம்..." என்றது குரல்.

அவ்வளவுதான். குடையை அங்கேயே மணலில் குத்தினார். வாரியைப் போட்டார். ஓடினார்.

டீக்கடையில் முத்துக்கனி அடுப்போடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். கடை முழுக்கப் புகை.

"அண்ணாச்சி, ஒம்ம செயலாளரு போகும்போது ஒரு பாரம் வெறகு தட்டிட்டுப் போனான். ஓசிதானேன்னு வாங்கினேன். என்ன வெறகு வே இது? எப்படிக் காஞ்சு கெடக்கு, ஒரு குச்சிகூடப் பத்த மாட்டங்கு. தீயக் காட்டினா தண்ணி விடுது. ஏன் இப்படி மூச்சு வாங்குதீங்க?"

"வெயிலு" என்றார் ஆவுடையப்பன்.

"வெயிலு உங்களுக்கு மட்டுமா அடிக்கி?"

அவர் பெஞ்சில் உட்கார்ந்து போனைப் பார்த்தார். இரண்டே முக்கால். கால்மணி நேர நடை.

அன்றைக்கு நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை. சந்தனமாரியிடம்கூட. பொண்டாட்டியிடம் சொன்னால் முதலில் சிரிப்பாள், பிறகு பூசாரியைக் கூட்டி வருவாள். இரண்டையும் தாங்கும் நிலையில் அவர் இல்லை. தோளில் மட்டும் எரிச்சல் இருந்தது. தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு படுத்துவிட்டார்.

மறுநாள் காலையில் ரேஞ்சர் பானுப்ரியா வந்தார். விஜயராஜையும் கூட வைத்துக்கொண்டுதான் ஆவுடையப்பன் தேரிக்குள் கால் வைத்தார். குடையைக் குத்திய இடத்தில் குடை இல்லை. வாரி கிடந்தது. எவனோ கொண்டு போய்விட்டான், நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்துக்கொண்டே நடந்தார்.

குடை தழைமேட்டில் இருந்தது.

சுத்தம் செய்த வட்டத்துக்கு நட்டநடுவில், மணலில் ஊன்றி, விரித்தபடி. லேசாக ஒரு பக்கம் சரிந்து.

"உங்க குடையா சார்? நல்ல விளம்பரம்" என்றார் ரேஞ்சர். ஆவுடையப்பன் சிரிக்க முயற்சி செய்தார்.

ரேஞ்சர் குடையைப் பார்க்கவில்லை. அதன் நிழலில் குத்தவைத்து மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிழல் விழுந்த இடத்தில் மட்டும் நாலைந்து பச்சை ஊசிகள் தலைதூக்கி நின்றன. மற்றவை வாரி இழுத்த தடத்தில் வாடிக் கிடந்தன.

"உடை மரக்கன்று சார் இதெல்லாம். யாரு இப்படிக் கிளறினது?"

விஜயராஜ் வானத்தைப் பார்த்தான். ஆவுடையப்பன் தன் செருப்பைப் பார்த்தார்.

ரேஞ்சர் போனை எடுத்து ஒரு படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். மேலேயிருந்து எடுத்த பழைய சாட்டிலைட் படம். இதே இடம். வெறும் செம்மணல். ஒரு புள்ளி மரம்கூட இல்லை. அடுத்த படத்தில் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. அதற்கடுத்த படங்களில் புள்ளியைச் சுற்றி மரங்கள், வட்டம் வட்டமாக வெளியே விரிந்துகொண்டே போயின.

"நடந்து வர்றவங்க எங்கிருந்தோ ஒடிச்சுக் கொண்டுவந்த கொப்புல காய் இருந்திருக்கு. குவியலுக்கு அடியில ஈரமும் நிழலும் கிடைச்சிருக்கு. இந்தக் காடு தழைமேட்டுல இருந்துதான் சார் கிளம்பியிருக்கு. மேட்டைத் திரும்ப மூடிடுங்க. இல்லன்னா இருக்கிறதும் காயும். அப்புறம் ரோடு போட வேண்டாம்னு எந்த முகத்தோட எழுதுவேன்?"

எதை எதிர்த்துப் பலகை நட்டாரோ, அதுதான் அவர் காப்பாற்ற நினைத்த காட்டுக்கு விதைப்பெட்டி. இப்படி ஒரு முட்டாளை இந்த ஜில்லாவில் தேடினாலும் கிடைக்காது என்று தன்னைத்தானே வைதுகொண்டார். வைது முடிந்தபோதும் குடையின் சரிவு கண்ணை விட்டுப் போகவில்லை.

ரேஞ்சர் கிளம்பியதும், தழையைத் திரும்ப எடுக்க இரண்டு பேரும் டீக்கடைக்குப் போனார்கள்.

தழைமேடு என்றதும் முத்துக்கனியின் முகம் மாறியது.

"இது அங்கன கெடந்த தழையா? ஏலே விஜயராஜு, வெட்டின கொப்புன்னுல்லா சொன்ன? பாவி மட்டைகளா! இதப் போயா அடுப்புல வைக்கக் கொடுத்தீங்க?"

"என்னக்கா, அப்படி என்ன இருக்கு அங்கன?" என்றான் விஜயராஜ்.

முத்துக்கனி அடுப்பிலிருந்த குச்சிகளைக்கூட ஒன்றுவிடாமல் உருவி எடுத்தாள். எடுத்துக்கொண்டே சொன்னாள்.

"என் மூத்தவ வயித்துல இருந்த வருசம். விசாகத்துக்கு நடந்துவந்த ஒரு பொம்பள. கூட வந்தவங்க முந்திப் போயிட்டாங்க. இவளால முடியல. உச்சி வெயிலு. அப்போ அங்கன ஒரு மரம் கெடையாது, வெறும் மணலு. சுருண்டு ஒக்காந்துட்டா. பின்னால வந்தவங்க கண்டு, ஆளு வர்ற வரைக்கும் வெயிலு படாண்டாமுன்னு தூரத்துல இருந்து கொப்பு ஒடிச்சாந்து மேல போட்டாங்க. அன்னையில இருந்து போடுதாங்க. நெழலுக்குத்தான் வே அந்தத் தழை. வேற ஒண்ணுக்கும் இல்ல. நீங்க போயி அவ நெழலப் பிடுங்கிட்டு வந்திருக்கீங்க."

ஆவுடையப்பன் கையிலிருந்த கட்டை நழுவி விழுந்தது.

"உசிரு கெடந்தப்ப வழியில போன ஒரு ஆளுகிட்ட கேட்டாளாம். அந்த ஆளு கையில குடை இருந்துச்சாம். அவன் நிக்காமப் போயிட்டானாம். கடைசியில நாங்க தண்ணி கொண்டு ஓடுனப்பவும் அதையேதான் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கிட்டுக் கெடந்தா. என் காதால கேட்டேன். அங்கனயே உசிரு போச்சு."

"என்ன கேட்டாளாம்?" என்றார் ஆவுடையப்பன்.

"என்ன கேப்பா பாவம். 'அண்ணாச்சி, குடையக் கொஞ்சம் இங்கன சரிச்சுப் பிடிங்களேன்.' அவ்வளவுதான்."

அந்த வார்த்தைகளை அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

முத்துக்கனியையும் சேர்த்து மூன்று பேருமாகப் போய்த் தழையைத் திரும்ப மூடினார்கள். கன்றுகள் அடிபடாமல் ஆவுடையப்பன் ஒவ்வொரு கொப்பாக வைத்தார். குடையை எடுக்கவில்லை. அதற்கு மேலேயே மூடினார்.

அறிக்கை போய்விட்டது. பதில் இன்னும் வரவில்லை. ரோடு வருமா வராதா என்று யாரைக் கேட்டாலும் ஃபைல் மேலே இருக்கிறது என்கிறார்கள். அளக்கிறவர்கள் மாதத்துக்கொரு தடவை வந்து முளைக்குச்சி அடித்துவிட்டுப் போகிறார்கள். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால், சிவப்புத் துணியோடு அத்தனை குச்சிகளும் தழைமேட்டின் மேல் கிடக்கின்றன. நடந்து போகிறவர்களின் வேலை என்கிறார் ரேஞ்சர். தன் வேலை இல்லை என்று விஜயராஜ் பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறான்.

பலகையை ஆவுடையப்பனே பிடுங்கிவிட்டார். புதிதாக ஒன்று எழுதியிருக்கிறார்: 'கீழே கிடப்பதைப் பொறுக்கிப் போடுங்கள்.' வழக்கம்போல யாரும் படிப்பதில்லை.

புதுக்குடை ஒன்று வாங்கினார். எப்போது விரித்தாலும் அதை இடது பக்கம் சரித்தே பிடிக்கிறார். "ஒத்தை ஆளா நடந்துக்கிட்டு யாருக்கு வே பிடிக்கீரு?" என்று கடைத்தெருவில் கேலி செய்கிறார்கள். சந்தனமாரி கையைத் தட்டித் தட்டி நேராக்கிப் பார்த்து, அலுத்து விட்டுவிட்டாள்.

அதனால்தான் அவருடைய வலது தோள் வெந்து கறுத்துக் கிடக்கிறது.

இடது தோளைத் தொட்டுப் பாருங்கள். எந்த வெயிலிலும்... ஐஸ் மாதிரி இருக்கும்.